உப்புக் குப்பித் தீர்மானம்

மார்ச் 3

தங்கைக்கு,

நேற்று மாலை எங்கள் மனநல இல்லத்தின் வரலாறு இரண்டாகப் பிரிந்தது. இனிமேல் இங்கே எதை எழுதினாலும் உப்புக் குப்பிக்கு முன், உப்புக் குப்பிக்குப் பின் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். மூன்று அமர்வுகள், இரண்டு ஒத்திவைப்புகள், ஒரு வெளிநடப்பு (கணக்காளருக்கு வயிற்றுக் கோளாறு, குறிப்பில் வெளிநடப்பு என்றே பதிவாகிவிட்டது) எல்லாவற்றையும் கடந்து, சாப்பாட்டுக் கூடத்து மேசைகளிலிருந்து உப்புக் குப்பிகளை அகற்றுவது என்றும், சமையலில் உப்பைப் பாதியாகக் குறைப்பது என்றும் நலக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

முன்மொழிந்தது நான். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நான் முன்மொழிந்து நிறைவேறிய முதல் தீர்மானம் இது. இதற்கு முன் ஜன்னல் திரை, செருப்பு வைக்கும் இடம், இரவுப் பணி நர்ஸுக்கு ஒரு நாற்காலி என்று பல முன்மொழிந்திருக்கிறேன். எல்லாம் துணைக் குழுவுக்குப் போயின. துணைக் குழுவுக்குப் போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

காரணம் நியாயமானது. இங்கே தங்கியிருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரஷர். "மனநோய்க்குன்னு வர்றாங்க, மாரடைப்புல போறாங்க" என்று இயக்குநர் கலங்கினார். அந்தக் கலக்கம் தணிவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். அகற்றிய குப்பிகளை என்ன செய்வது என்று ஆராய ஒரு துணைக் குழு அமைந்திருக்கிறது.

அண்ணன் நலம். இன்று மதியம் காலியான மேசையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குப்பிக்கு என்ன வியாதி? எந்த வார்டுக்கு மாத்தினீங்க?" என்று கேட்டான். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்து, வாயிலிருந்த தண்ணீரைக் கூட்டு மேல் துப்பினார். காலை மருந்துச் சுற்றிலும் வழக்கமான வம்புதான். கூடப் பிறந்தவனாகவே இருந்தாலும் மாத்திரை கொடுக்குமுன் பெயர் கேட்க வேண்டும் என்பது விதி. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. இந்த ஐந்தும் சரி என்றால்தான் என் கை நீளும். "உங்க பேர் என்ன?" என்றேன். "அதே பேர்தான். ராத்திரி யாரும் மாத்தல" என்றான். பிறகு பெயரைச் சொல்லி, லித்தியம் மாத்திரைகளை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டி, "அடியில ஒண்ணும் ஒளிச்சு வைக்கல, டார்ச் அடிச்சுப் பார்த்துக்கோ" என்றான்.

அந்த மாத்திரைதான் அவனைத் தரையில் நிற்க வைத்திருக்கிறது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது தெரிந்தால் தெரியட்டும்.

வரலாற்றுச் செய்தி கிடைத்தது. வாழ்த்துகள். உன் கடைசி வரியும் கிடைத்தது. நீ எழுதும் எந்தக் கடிதத்திலும் கடைசி வரிதான் கடிதம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்த காகிதம்.

ஆமாம், அண்ணன் என் வீட்டில் இருந்தபோது, "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று கேட்டான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நிறுத்தினோம். இரண்டு மாதத்துக்குள் எங்கள் கட்டடத்து லிஃப்டை "இவளுக்கும் ஓய்வு வேணும்ல" என்று இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தி, மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து என் கட்டிலில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினான். லிஃப்டுக்குள் கீழ்வீட்டுக்காரர் இருந்தார். அவர் வெளியே வந்த பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. நீயும் அன்று போனில் ஒன்று சொன்னாய்: "இனிமே மாத்திரை பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது." நானும் ஒன்று சொன்னேன்: "இனிமே எனக்கு போனே பண்ணாதே." இரண்டு பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். இந்த விஷயத்தில் மட்டும் நம் குடும்பம் ஒற்றுமையானது. போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் சண்டை. கடிதம் என்றால் ஒரு பக்கமாவது தாங்குகிறது.

ஆகவே மாத்திரை பற்றி நான் பேசவில்லை. சாப்பாடு பற்றிப் பேசலாமா? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வார்டு போனிலிருந்து கூப்பிட்டான். "சாப்பாடு எப்படி இருக்கு?" என்றேன். "சுவரை நக்கின மாதிரி இருக்கு. இல்ல, சுவர்லயாவது சுண்ணாம்பு இருக்கு" என்றான். பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறானாம். வெயில் தாங்கவில்லை, சட்டை நனைந்துபோகிறது, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறேன் என்றான். கை முன்பைவிட அதிகமாக நடுங்குகிறதாம். டீ கோப்பையை இப்போது இரண்டு கையாலும் பிடிக்கிறானாம். "கோயில் மணி மாதிரி தட்டுல அடிக்குது, எல்லாரும் எழுந்து நின்னுடறாங்க" என்று சிரித்தான்.

கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவளுக்கு நடுக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். தெரியாதுதான். கேட்டதை எழுதினேன்.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

கேட்டதை எழுதினதற்கு நன்றி. பார்த்ததை எழுதுகிறேன்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கை நடுங்கும். அண்ணனுக்குப் பதினோரு வருடமாக நடுங்குகிறது. ஜனவரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மருந்தளவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடுத்தது ஏப்ரல் பதினைந்து. ஜனவரிக்குப் பிறகு மாத்திரை மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, கம்பெனிகூட மாறவில்லை. அளவு மாறாமல் உடம்பில் எதுவும் ஏறாது. ஒவ்வொரு நாளும் ஐந்தும் சரி.

தீர்மானத்தின் பலனைக் கேட்டால் மகிழ்வாய். மூன்று வாரம் ஆவதற்குள் ஏழு பேருக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது. இயக்குநர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறார். கோடு கீழே போகிறது. அதன் கீழே 'முன்மொழிவு: தலைமை நர்ஸ்' என்று என் பதவி. நான் அந்தப் பக்கம் வேலை இல்லாதபோதும் ஒரு தடவை போய்விட்டு வருகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அண்ணன் சமையலறை ஜன்னலில் போய் நின்று உப்பு கேட்டிருக்கிறான். சமையல்காரம்மா, "உங்க தங்கச்சி போட்ட சட்டம், உங்களுக்கே தெரியாதா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவன் என்னிடம் வந்து, "வீட்டுல உன் தட்டுல உப்பு வைக்க மறந்துட்டா அப்பாகிட்ட எப்படிக் குதிப்பே? இப்ப நாப்பது பேர் வயித்துல கை வைக்கிறே" என்றான். எல்லாருக்கும் ஒரே விதி என்று சொன்னேன். என் அண்ணனுக்கு மட்டும் தனிக் குப்பி வைத்தால் நாளை மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? ஏற்கெனவே நான் அவனுக்கு மாத்திரை கொடுப்பதே விதிக்குப் புறம்பு. சொந்தக்காரருக்கு வேறொரு நர்ஸ் கொடுக்க வேண்டும். பகலில் இருப்பதே நான் ஒருத்தி என்பதால் அந்த விதி ஓய்வில் இருக்கிறது.

போன வாரம் எங்கள் லிஃப்ட் நின்றது. மெக்கானிக் வரும்வரை அண்ணனைத்தான் கூப்பிட்டோம். அவனும் லிஃப்ட் மெக்கானிக்தானே, அதுவும் முப்பது வருடம். திருப்புளியை வாங்கி, மூடியைக் கழற்றப் போனவன், ஒரே ஸ்க்ரூவை மூன்று தடவை கீழே போட்டான். நாலாவது தடவை திருப்புளியை என் கையில் கொடுத்து, "நீ திருகு, நான் சொல்றேன்" என்றான். திருகினேன். லிஃப்ட் ஓடியது. வயதாகிறது, வேறென்ன.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

இத்துடன் வரும் பார்சலில் அண்ணனுக்கு இரண்டு பருத்திச் சட்டைகள். அவற்றுக்குள் சுருட்டி வைத்திருப்பது என்ன என்று பார்சல் பிரிக்கிறவர்களுக்குத் தெரியப்போகிறது, நானே சொல்லிவிடுகிறேன். உப்பு. கடையில் விற்கிற சாதாரணத் தூள் உப்பு, சின்னப் பொட்டலம். வெடிமருந்து இல்லை.

அவன் கேட்டான், அனுப்பினேன். இதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வாங்கவில்லை.

இந்த ஞாயிறும் கூப்பிட்டான். வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுகிறவன்போல இருந்தது. "குடிச்சிருக்கியா?" என்று கேட்டேன். "இங்க தண்ணியைத் தவிர எதுவும் கிடைக்காது. அதைத்தான் குடிக்கிறேன், மாடு மாதிரி" என்றான். 'மாடு' என்பது எனக்கு இரண்டாவது தடவைதான் புரிந்தது. பிறகு ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தான், நடுவில் மறந்துவிட்டான். ஜோக்கை மறக்கிற ஆளா அவன்? பைத்தியம் உச்சத்தில் இருந்தபோதுகூட மறந்ததில்லையே.

இதற்கு மேல் எழுதினால் மாத்திரை பற்றிப் பேசியதாகிவிடும். நிறுத்துகிறேன்.

தங்கை


ஏப்ரல் 4

தங்கைக்கு,

சட்டைகள் அவனிடம் சேர்ந்தன. பொட்டலம் சேரவில்லை. அது பொருள் அறையில், சவரக் கத்திகளுக்கும் தையல் ஊசிகளுக்கும் பக்கத்தில், அவன் பெயர் எழுதிய ஒட்டுத்தாளோடு பத்திரமாக இருக்கிறது. வெளியே போகும் நாளில் திருப்பித் தரப்படும். நான் அதை எடுத்துப் பூட்டும்போது அண்ணன் கதவோரம் நின்றிருந்தான்.

"ஒரு சிட்டிகை குடுத்துட்டுப் பூட்டு."

"முடியாது அண்ணே. வரைபடம் கெட்டுப்போயிடும்."

"என் வயிறும் அந்த வரைபடத்துல இருக்கா?"

பூட்டிவிட்டு வந்தேன். வேறு வேலை இருந்தது.

நீ பயப்படுவாய் என்றுதான் தயங்கினேன். மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட நானே எழுதுகிறேன். நாலைந்து நாளாக அவனுக்கு வாந்தியும் பேதியும். வெயில் காலத்தில் இங்கே இது சகஜம். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான். காவலாளி, "ஐயா தள்ளாடுறார், யாரோ உள்ளே சரக்கு கொண்டாந்து குடுக்கறாங்க" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டார். அலமாரியைச் சோதனை போட்டோம். ஒரு திருப்புளி, தீர்ந்துபோன பேட்டரிகள், உன் பழைய கடிதங்கள். குப்பி எதுவும் இல்லை. இரண்டு வகைக் குப்பியும்.

புதன்கிழமை மட்டும் வரும் பெரிய டாக்டர் இந்த மாதம் விடுப்பில். அண்ணன் ஓரிடத்தில் உட்காராமல், லிஃப்ட் விழுந்துவிடும், எல்லாரையும் இறக்குங்கள் என்று வார்டில் சொல்லிக்கொண்டே திரிந்ததால், பணியிலிருந்த டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "பழசு தலை தூக்குது சிஸ்டர். ஒரு மாத்திரை கூட்டிக் குடுங்க" என்றார். ஏப்ரல் பதினைந்து ரத்தப் பரிசோதனையை முன்னால் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுக்கலாம். காரணம் என்ன எழுதுறது?" என்று திருப்பிக் கேட்டார். யோசித்தேன். மருந்து மாறவில்லை. அளவு மாறவில்லை. நேரம் தவறவில்லை. காரணம் கிடைக்கவில்லை. "சரி டாக்டர், பதினைந்துக்கே எடுத்துக்கலாம்" என்றேன்.

இன்று காலை கூடுதல் மாத்திரையை என் கையால்தான் கொடுத்தேன். ஐந்தும் சரி. பெயர் கேட்டபோது கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.

ஏதோ ஒன்று எனக்குத் தட்டுப்படுகிறது, என்னவென்று பிடிபடவில்லை. படித்துவிட்டு நீயும் உன் பங்குக்கு ஏதாவது எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

உன் நாலாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. எழுதாதே என்றாய். எழுதுகிறேன். தயவுசெய்து முழுதும் படி.

பக்கத்துக் கடைதான் மருந்துக்கடை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனேன். பேச்சுக் குழறல், நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் சொன்னேன். லித்தியம் என்றேன். "புதுசா வேற மாத்திரை ஏதாவது?" என்றார். இல்லை என்றேன். "சாப்பாட்டுல எதையாவது மாத்தினாங்களா?"

"உப்பைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. மேசையிலயும் இல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஆகுது."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "யாருங்க அந்த மகா புத்திசாலி?"

"எங்க அக்கா."

"என்ன வேலை பார்க்கிறாங்க?"

"நர்ஸ்."

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "லித்தியமும் ஒரு உப்புதாம்மா. கிட்னிக்கு அதுக்கும் சாப்பாட்டு உப்புக்கும் பெரிசா வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டுல உப்பு திடீர்னு குறைஞ்சா, உள்ளே இருக்கிறதை விடமாட்டேன்னு பிடிச்சு வெச்சுக்கும். அந்தப் பிடியில லித்தியமும் மாட்டிக்கும். வேர்வை, வாந்தி, பேதி எல்லாம் சேர்ந்தா இன்னும் மோசம். மாத்திரை அதேதான். வெளியே போற வழிதான் அடைஞ்சுபோச்சு." கூடுதலாக ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள் என்றேன். "போன் பண்ணுங்க. இங்கேயே நின்னு பண்ணுங்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க" என்றார்.

போன் செய்தேன். இரண்டு தடவை மணி அடித்தது. வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேள். நீ "என்ன?" என்று எடுப்பாய். நான் "மாத்திரை" என்று ஆரம்பிப்பேன். அதற்குப் பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம். லிஃப்ட் வரும், கட்டிலில் படுத்த மோட்டார் வரும், நீ பாதியில் வைத்துவிடுவாய். அப்புறம் நான் என்ன எழுதினாலும் பிரிக்க மாட்டாய். கடிதம் என்றால் கடைசி வரிவரை படிப்பாய். உன் சுபாவம் அது. பிழை திருத்துவதற்காகவாவது படிப்பாய். இதைத் திருத்து. நான் சொல்வது தப்பு என்று காட்டு.

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். நாளை கிடைத்துவிடும் என்று தபால் ஆபீஸில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள்.

மாத்திரையை நிறுத்து. பொட்டலத்தை எடுத்து அவனிடம் கொடுத்துவிடாதே, இப்போது அதுவும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம். ஆஸ்பத்திரி. உடனே.

தங்கை


ஏப்ரல் 10

தங்கைக்கு,

அலுவலகத்திலிருந்து உனக்குச் சொல்லியிருப்பார்கள். நேற்றுக் காலை சாப்பாட்டுக் கூடத்தில், வரைபடத்துக்குக் கீழே, அண்ணன் விழுந்தான். வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ரத்தத்தைக் கழுவும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். இங்கே நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடமோ வாங்கிய பேனாவில் எழுதுகிறேன். பேச வரவில்லை, எழுத வருகிறது.

ரத்தத்தில் மருந்தளவு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. எண்ணைப் பார்த்த சின்ன டாக்டர், "இவர் மாத்திரையை மொத்தமா முழுங்கிட்டாரா?" என்று கேட்டார். எண்ணித்தான் கொடுத்தோம் என்றேன். "உப்பு கிப்பு ஏதாவது குறைச்சாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "யார் சொல்லி?"

குழு என்றேன்.

பயிற்சி மாணவிகளுக்கு இதை வருடா வருடம் நடத்துகிறவள் நான். 'லித்தியம் பெறும் நோயாளியின் உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. ஏன்? விளக்குக.' இரண்டு மதிப்பெண். எழுதாத பெண்களைத் திட்டியிருக்கிறேன். ஆனால் அது மருந்துப் பாடம். இது சாப்பாட்டுக் குழு. கூட்டத்தில் நான் சாப்பாட்டுக் கூடத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தேன். மருந்துத் தள்ளுவண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தேன்.

எட்டாம் தேதி உன் எண்ணிலிருந்து போன் இரண்டு தடவை மணி அடித்து நின்றது. தள்ளுவண்டியோடு அண்ணன் கட்டிலருகில் நின்றிருந்தேன். கையில் அவனுடைய மாத்திரைக் கிண்ணம். சண்டைக்கு இப்போது நேரமில்லை என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கிண்ணத்தை நீட்டினேன்.

நீ எதற்குக் கூப்பிட்டாய்?

அக்கா


மே 2

அக்காவுக்கு,

எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் பத்து நாள் உட்கார்ந்திருந்தோம். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கடிதம் வந்திருக்கும் என்று நினைத்தேன். படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கடையைத் திறந்துவிட்டேன். முதல் நாளே ஒருவர், கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை என்று வந்தார். கண்ணாடி மாட்டிவிட்டேன். தெரிகிறது என்று போய்விட்டார். எவ்வளவு சுலபம்.

நீ டீ வாங்கப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அவன் அலமாரியிலிருந்த திருப்புளியைக் கேட்டு வாங்கிப் பையில் எடுத்து வந்திருந்தேன். கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. நானே மூடிப் பிடித்துக்கொண்டேன். அவன் ஏதோ சொன்னான். நீளமாக, நிறுத்தி நிறுத்தி, கண்ணில் பழைய குறும்போடு. ஜோக் என்று தெரிந்தது. எங்கே சிரிக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அவன் முடித்ததும் சிரித்தேன். அவன் என்னையே பார்த்தான். அவன் இன்னும் முடிக்கவில்லை, அக்கா.

சின்ன டாக்டரிடம், ரத்தம் சுத்தமாகிவிட்டதே, எப்போது பேச்சு வரும் என்று கேட்டேன். "ரத்தத்துல இருந்தது போயிடுச்சும்மா. மூளையில பண்ணிட்டுப் போனது போகாது" என்றார். நடை? "இதுதான்." கை? "இதுதான்." நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை.

உன்னைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். நீ அவனைப் பொம்மையாக்கிவிட்டாய் என்று அஞ்சு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமாகவே ஆகிவிட்டான், சொல்ல வாய் வரவில்லை. போனை இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை மணி அடிக்க விட்டிருந்தால்? இந்தக் கணக்கை நான் தினமும் போடுகிறேன். விடை மாறுவதில்லை.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று?

தங்கை


மே 24

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டும்.

ஊழியர்களுக்கு வரும் தபால் அலுவலகத்தில் சேர்ந்து, வியாழக்கிழமைகளில்தான் அவரவர் அறைப்பெட்டிக்கு வரும். அது பழைய தீர்மானம். யார் முன்மொழிந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. உன் அவசரத் தபால் ஒன்பதாம் தேதி, வியாழன், காலை பத்து மணிக்கு என் பெட்டியில் போடப்பட்டது. அப்போது நான் ஆம்புலன்ஸில் இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கட்டாய விடுப்பு. போன வாரம் வேலைக்குத் திரும்பியபோதுதான் எடுத்தேன். கடைசி வரிவரை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது. மருந்து வழங்கியதில் தவறில்லை. சரியான ஆளுக்கு, சரியான மருந்து, சரியான அளவில், சரியான நேரத்தில், சரியான வழியில் கொடுக்கப்பட்டிருக்கிறது. என் பதிவுகள் மற்ற நர்ஸுகளுக்கு முன்மாதிரி என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். உப்பு, உணவு சம்பந்தப்பட்டது. மருந்து விசாரணைக் குழுவின் வரம்புக்குள் வராது. அதை நலக் குழு பார்க்க வேண்டும். நலக் குழு கூடியது. இயக்குநர், "இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். குற்றம் சொல்லுங்கள் என்று நான் எழுந்து நின்றேன். "சிஸ்டர் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க, தண்ணி குடுங்க" என்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

குப்பிகளைத் திரும்ப வைக்க யாராவது முன்மொழிய வேண்டும். எடுக்கச் சொன்னவரே வைக்கவும் சொல்வதுதான் முறை என்றார் கணக்காளர். முன்மொழிந்தேன். ஒருமனதாக நிறைவேறியது. ஒத்திவைப்பு இல்லை, துணைக் குழு இல்லை. என் இரண்டாவது தீர்மானம் பத்து நிமிடத்தில் முடிந்தது. பழைய குப்பிகளை ஆராயப்போன துணைக் குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பதால் புதிதாக வாங்கினார்கள்.

அண்ணன் இப்போது கீழ்த்தளத்தில், படுக்கை நோயாளிகள் அறையில் இருக்கிறான். லித்தியம் இல்லை; வேறு மருந்து. மருந்துச் சுற்றில் இன்றும் நான்தான். முதலில் பெயர் கேட்கிறேன், விதி. அவன் உதடு அசையும். முன்பெல்லாம் வம்பு பேசுகிறானே என்று எரிச்சலோடு காத்திருப்பேன். இப்போதும் காத்திருக்கிறேன். பின்னால் இருக்கிற கட்டில்களுக்கு நேரமாகிவிடும். பிறகு மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் படித்து, ஆள் சரி என்று குறித்துக்கொள்கிறேன்.

பொருள் அறையிலிருந்த உன் பொட்டலத்தை அனுப்பியிருக்கிறேன். உரியவர் வெளியே போகும் வாய்ப்பில்லாததால், கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பிரிக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். எடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை முதல் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு ஒரு உப்புக் குப்பி வைத்தாயிற்று. அண்ணனுக்கு மூக்கு வழியாகக் குழாயில் உணவு போகிறது.

அக்கா